அடையாளம் தெரியாத குமிஸ்

அந்த வாக்கியத்தைப் படித்தபோது நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். சிரித்த சிரிப்பில் பாதித் தேநீர் விசைப்பலகையில் போய் விழுந்தது. இன்றைக்கும் அதில் இரண்டு எழுத்துகள் சரியாக வேலை செய்வதில்லை.

“பங்கேற்றவர்களில் எவராலும் தமக்கு அளிக்கப்பட்டது குமிஸா, ஒப்புப் பானமா என்பதை அறிய இயலவில்லை.”

இதுதான் வாக்கியம். பங்கேற்றவர்கள் நாற்பது பேர். நாற்பது பேரும் கிர்கிஸ்காரர்கள். நாரினிலும் தலாஸிலும் பிறந்து, பால்பல் விழுவதற்கு முன்பே புளித்த குதிரைப்பாலைக் குடித்து ஏப்பம் விட்டவர்கள். அவர்களுக்குக் குமிஸ் எது, குமிஸ் மாதிரி இருப்பது எது என்று தெரியவில்லையாம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்கும் என்பார்கள். எங்கள் ஆய்வு நிலையம் நாற்பது பேருடைய மூக்கையும் மூடிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது.

பிஷ்கெக்கில் இருக்கும் அந்த நிலையத்தில் எனக்குக் கணக்கும் மொழியும்தான் வேலை. மருத்துவர்கள் ஆய்வு செய்வார்கள். நான் எண்களைச் சரிபார்த்து, வெளிநாட்டு இதழ்கள் ஏற்கிற நடையில் கட்டுரையை எழுதிக் கொடுப்பேன். எழுதியவர்கள் வரிசையில் கடைசியாக ‘சோனுன்’ என்று என் பெயரும் வரும். இத்தனை வருடத்தில் எனக்குப் பெரிய சொற்களைக் கண்டாலே எரிச்சல் வரப் பழகிவிட்டது. ‘முக்கியத்துவத்தை நோக்கி நகரும் போக்கு’ என்று ஒருவர் எழுதினால், வித்தியாசம் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் ஆசை விடவில்லை என்று பொருள். ‘சிலர் தம் சொந்தக் காரணங்களால் விலகினர்’ என்றால், ஆட்டுச் சந்தைக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை என்று பொருள்.

இந்தக் கட்டுரை குபாத்துடையது. முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள், நல்ல மருத்துவன். அவன் முனைவர் பட்டத்துக்கான ஆய்வே இதுதான்: இரத்தசோகைக்கும் பசியின்மைக்கும் குமிஸ் உதவுகிறதா. போன கோடையில் சூசாமிர் மேய்ச்சல் வெளியிலிருக்கும் ஒரு மருத்துவ விடுதியில் நாற்பது பேரைத் தங்கவைத்து, பாதிப் பேருக்கு வெள்ளைக் கிண்ணத்தில் குமிஸும், பாதிப் பேருக்கு நீலக் கிண்ணத்தில் போலியும் கொடுத்தான். குடிப்பவருக்கும் எது எது என்று தெரியாது, ஊற்றுபவருக்கும் தெரியாது. இருபக்க மறைப்பு என்று இதற்குப் பெயர். உலகம் மதிக்கிற முறை. ஒழுங்காகச் செய்தால் நானும் மதிப்பேன்.

விசைப்பலகையைத் துடைத்துவிட்டு அவனை அழைத்தேன்.

“உக்காரு குபாத். உன் மாமனார் நல்லா இருக்காரா?”

“இருக்காரு அக்கா. ஏன் கேக்கறீங்க?”

“அவருகிட்ட ஒரு கிண்ணத்துல குமிஸும் இன்னொரு கிண்ணத்துல உன் சரக்கையும் குடுத்தா, எது எதுன்னு தெரியாம முழிப்பாரா?”

குபாத்துக்குக் காது சிவந்தது. பொய் சொல்லத் தெரியாதவர்களை முதலில் காதுதான் காட்டிக்கொடுக்கும்.

“வாய்கிட்ட கொண்டுபோறதுக்கு முன்னாடியே கிண்ணத்த என் தலையில கவுத்துருவாரு.”

“அப்ப இந்த நாப்பது பேரு?”

அவன் சன்னலைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான். அப்புறம் ஒரேயடியாகக் கொட்டிவிட்டான்.

அந்தப் போலியைத் தயாரிக்க அவன் இரண்டு குளிர்காலம் உழைத்திருந்தான். பசும்பால் மோர், எலுமிச்சை உப்பு, சோடாத் தண்ணீர், கொஞ்சம் ஈஸ்ட், புகை மணத்துக்குத் தோல் பையில் ஓர் இரவு. பார்ப்பதற்கு அசல் குமிஸ்தான். முதல் நாள் காலை நீலக் கிண்ணத்தை வாங்கிய தேனிஷ் என்பவர், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தாராம்.

“என்ன சொன்னாரு?”

“‘தம்பி, இது மாட்டோட வேலை. குதிரைக்கு இதுல சம்பந்தமே இல்ல’ன்னாரு.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“சிரிக்காதீங்க அக்கா. அதோட விட்டிருந்தா பரவாயில்ல. எதுத்தாப்ல வெள்ளைக் கிண்ணத்தோட உக்காந்திருந்தவங்க அவர் மூஞ்சியப் பாத்துட்டாங்க. ‘ஐயோ பாவம், இங்க வந்து வாய் வைங்க’ன்னு கூப்பிட்டாங்க.”

அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் ஒருவர் முன்னால் உணவு இருக்கும்போது இன்னொருவர் சும்மா கடந்து போக முடியாது. ‘வாய் வச்சிட்டுப் போங்க’ என்பார்கள். வயிறு நிறைந்திருக்கிறது, வண்டி கிளம்புகிறது, எந்தச் சாக்கும் செல்லாது. ஒரு துணுக்கு ரொட்டியாவது கிள்ளிப் போட்டுக்கொண்டுதான் நகர வேண்டும். அழைக்காமல் விடுவது அதைவிடப் பெரிய குற்றம். ஒரே கூடத்தில் இருபது பேர் அசல் குமிஸும் இருபது பேர் எலுமிச்சை உப்பும் குடிக்க உட்கார்ந்தால், கிர்கிஸ்தானில் அது ஒரு மடக்குக்கு மேல் தாங்குமா?

“எவ்வளவு வாய் வச்சாங்க?”

“பாதிக் கிண்ணம் இருக்கும்.” கொஞ்சம் நிறுத்தினான். “சில பேரு முழுசா. போகப்போக வெள்ளைக் கிண்ணக்காரங்க பாத்திரத்தையே நடுவுல வச்சிட்டாங்க.”

“நீ தடுக்கலையா?”

“தடுத்தேன் அக்கா. என்னையும் வாய் வைக்கச் சொன்னாங்க.”

“வச்சியா?”

“வைக்காம எப்படி?”

சிரித்து முடித்ததும் கட்டுரையின் கடைசி அட்டவணையைத் திறந்தேன். இவனுடைய எண்கள் குளிர்காலத்திலிருந்தே என்னை உறுத்திக்கொண்டிருந்தன. நீலக் கிண்ணக்காரர்களும் நன்றாகத் தேறியிருந்தார்கள். இரத்தம் ஊறியிருந்தது, எடை ஏறியிருந்தது. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய வித்தியாசம்தான். அதைக் கட்டுரை ‘முக்கியத்துவத்தை நோக்கி நகரும் போக்கு’ என்று அழைத்தது. போலி குடித்தவர்கள் எப்படித் தேறினார்கள் என்று நான் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தேன். பதில் இதோ நாற்காலியில் காது சிவக்க உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் போலி குடிக்கவே இல்லை.

“‘இருபக்க மறைப்பு’ன்னு யாரு எழுதச் சொன்னா?”

“இஷென் அண்ணன்தான். திட்டத்துல அப்படித்தான இருந்துச்சு. திட்டத்துல இருந்ததத்தான் எழுதணும்னாரு.”

“நடந்தத?”

குபாத் மேசையில் சிந்தியிருந்த தேநீரை விரலால் துடைத்தான்.

பேராசிரியர் இஷென் எங்கள் துறைத் தலைவர், குபாத்தின் வழிகாட்டி. கெட்டவர் இல்லை. வாசலில் யார் நின்றாலும் உள்ளே இழுத்து உட்காரவைத்து, உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் தேநீரும் கொடுத்துவிட்டுத்தான் என்ன வேண்டும் என்று கேட்பார். ஒருமுறை அல்மாட்டியில் ஒரு கருத்தரங்குக்குப் போய் அங்கிருந்து ‘இருபக்க மறைப்பு’ என்ற சொல்லை எடுத்துவந்தார். அன்றிலிருந்து புது மாப்பிள்ளை மோதிரத்தைப் பார்ப்பதுபோல அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வேலை நடக்காது.

“அண்ணே, இந்த வார்த்தைய எடுக்கணும்” என்றேன், அவர் அறையில் உட்கார்ந்து பழத்தை மென்றுகொண்டே.

“எந்த வார்த்தைய?”

சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. “சோனுன், அத எடுத்தா கட்டுரையில என்ன மிச்சம் இருக்கு? மலைமேல நாப்பது பேரு சாப்பிட்டுத் தூங்கினாங்கன்னு இருக்கும்.”

“அதுதான அண்ணே நடந்துச்சு.”

“நான்தான் தொடக்க நாளன்னிக்குப் போயிருந்தேனே. குடிச்சுப் பாத்தேன். அருமையான குமிஸ்.”

“உங்களுக்கு வெள்ளைக் கிண்ணம் குடுத்திருப்பாங்க. விருந்தாளிக்குப் போலியக் குடுக்க யாருக்கு மனசு வரும்?”

“பாத்தியா, குடுத்தது எதுன்னு எனக்கே தெரியல. அதுக்குப் பேருதான் மறைப்பு.”

“நீங்க ஒண்ணத்தான குடிச்சீங்க? ரெண்டையும் குடிச்சாத்தான வித்தியாசம் தெரியும்.”

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் வந்தால் எங்கள் துறையில் யாருக்காவது வேலை கூடும்.

“சரியாச் சொன்ன. ரெண்டையும் குடிக்கணும். குபாத் முன்னோட்டமா ஆய்வுச் சபை முன்னாடி நிக்கப்போறானே, அன்னிக்கி ரெண்டையும் ஊத்திக் குடுப்போம். சபையில இருக்கறவங்க எல்லாரும் கிர்கிஸ்காரங்கதான? யாருக்கும் தெரியலன்னா உன் சந்தேகமும் தீரும், என் வார்த்தையும் நிக்கும்.”

“தெரிஞ்சிட்டா?”

“தெரியாது” என்றார் இஷென், மிகுந்த நம்பிக்கையோடு. “பையன் ரெண்டு வருஷம் உழைச்சிருக்கான்.”

நான் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும் குபாத் சுவரில் சாய்ந்து நின்றான். அவன் ஏன் அப்படி நின்றான் என்று எனக்குத் தெரியும். அந்தச் சபை சரி என்றால்தான் பட்டத்துக்கான இறுதி அமர்வு. திருப்பி அனுப்பினால் மாதக் கடைசியில் அவனுடைய வேலை ஒப்பந்தம் முடிந்துவிடும். அப்புறம் மாமனாரின் பழைய கார் விற்கும் வளாகம்தான். ‘மருத்துவரே, எப்ப நம்ம கடைக்கு வரப்போறீங்க’ என்று மாமனார் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாட்டு விரிப்பில் எல்லோர் முன்னாலும் கேட்பார். கேட்டுவிட்டு அவனுக்கு நல்ல கறித்துண்டாகப் பார்த்து எடுத்து வைப்பார். அந்தத் துண்டுதான் தொண்டையில் நிற்கும் என்று குபாத் ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

சபை கூடுவதற்கு முந்தைய நாள், தேநீர் அறையில் நான் தனியாக இருந்தபோது அவன் இரண்டு பால் கேன்களைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒன்றில் சூசாமிரிலிருந்து அன்று காலை வந்த குமிஸின் வாசனை அடித்தது. ஜூன் மாதக் குமிஸ். எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது.

“இன்னொண்ணு?”

“காலி” என்றான். “அதத்தான் கேக்க வந்தேன்.”

கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

“அக்கா, ரெண்டு கிண்ணத்துலயும் நெசத்தையே ஊத்திட்டா?”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

“ஊத்து. தாராளமா ஊத்து. அப்ப யாருக்கும் வித்தியாசம் தெரியாதுதான். உன் கட்டுரையில இருக்கற அந்த வாக்கியம் நாளைக்கி ஒரு நாள் மட்டும் உண்மையா இருக்கும்.”

“திட்டாதீங்க அக்கா.”

“வேற என்ன செய்யணும்? முதுகுல தட்டணுமா? இதுவரைக்கும் நீ தப்பான வார்த்தை எழுதின. வார்த்தைய அழிச்சிடலாம். நாளைக்கி நீ அந்த வார்த்தைக்காக ஒரு வேலை செஞ்சிட்டா, அத எதவச்சு அழிப்ப?”

அவன் கேனின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். “ரெண்டு பிள்ளைங்க இருக்கு அக்கா.”

அதற்குமேல் என்னால் கோபப்பட முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கே ஆசையாக இருந்தது. யாருக்கு என்ன நட்டம்? குமிஸ் குடித்துச் செத்தவர் யாருமில்லை. இவன் மருத்துவனாக இருப்பான், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள், இஷென் அண்ணன் தம் மோதிரத்தைத் தடவிக்கொண்டிருப்பார். அப்புறம் அந்தக் கட்டுரையை எங்கோ ஒரு மருத்துவர் படிப்பார். இருபக்க மறைப்பு என்று கண்டதும் நம்புவார். ஒரு சோகைக்காரரின் மாத்திரையை நிறுத்திவிட்டுக் குமிஸ் குடிக்கச் சொல்வார்.

“நான் சபையில வாயத் திறக்க மாட்டேன் குபாத். நீ எத ஊத்தினாலும் சரி. ஆனா இப்ப இருக்கற மாதிரியே கட்டுரை போச்சுன்னா, என் பேர எடுத்துடு. இன்னிக்கே எடுத்துடு.”

அவன் தலையாட்டிவிட்டு இரண்டு கேன்களையும் தூக்கிக்கொண்டு போனான். அன்றிரவு நான் என் கணவரிடம் காரணமே இல்லாமல் சண்டை போட்டேன். பாவம், அவர் அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் சபைக் கூடத்தில் நீள மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். குபாத் எழுந்து படங்களைக் காட்டினான். குரல் தட்டையாக இருந்தது. ‘இருபக்க மறைப்பு’ என்ற இடம் வந்ததும் படத்தை வேகமாகத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனான். இஷென் பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டார்.

“இந்த இடத்துல ஒரு சின்னச் செய்முறை. குபாத், கொண்டு வா.”

குபாத் பக்கத்து அறைக்குப் போனான். அங்கே எதை எதில் ஊற்றினான் என்று யாரும் பார்க்கவில்லை. தட்டில் வெள்ளைக் கிண்ணங்களும் நீலக் கிண்ணங்களும் கலந்து வந்தன. ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வெள்ளை வந்தது. என் வலப்பக்கம் மருந்தியல் துறைத் தலைவர் ராக்கியா, அறுபது வயது, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே மாணவர்களை அழவைப்பவர். அவருக்கும் வெள்ளை. எதிரே இஷென் தட்டின் கடைசிக் கிண்ணத்தை எடுத்தார். அது நீலம்.

குபாத்தின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. காதைப் பார்த்தேன். காது சாதாரண நிறத்தில் இருந்தது. எனக்கு அதுவே பயமாக இருந்தது. பொய்க்குப் பழகிவிட்டானா, இல்லை பொய்யே இல்லையா?

என் கிண்ணத்தில் ஒரு மடக்குக் குடித்தேன். அசல். கண்ணை மூடினால் மலை தெரிகிற குமிஸ். கூடத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லாக் கிண்ணத்திலும் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் ஊற்றிவிட்டான். நானும் பேசாமல் உட்கார்ந்திருக்கப் போகிறேன்.

அப்போது மேசைக் கோடியில் யாரோ இருமினார்கள்.

“என்ன இது?” என்றார் ஒருவர், நீலக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்து.

“எனக்கும் அதேதான். வாய் கழுவற தண்ணியா?” என்றார் இன்னொருவர்.

“உங்களுக்கு வேற குடுத்தாங்களா? எனக்கு வந்தது பிரமாதம். இந்தாங்க, வாய் வச்சுப் பாருங்க.”

“குடுங்க, குடுங்க.”

கிண்ணங்கள் கைமாறத் தொடங்கின. முனைவர்கள், பேராசிரியர்கள், கல்விக்கழக உறுப்பினர்கள், எல்லோரும் எட்டி எட்டி வாய் வைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கிண்ணக்காரர்களால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை, நீலக் கிண்ணக்காரர்களால் வாங்காமல் இருக்க முடியவில்லை. சூசாமிர் விடுதியில் போன கோடையில் என்ன நடந்ததோ, அது அப்படியே கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்து என் கண்முன்னால் நடந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. அவன் போலியைத்தான் ஊற்றியிருந்தான். பிள்ளைகளை நினைத்துக்கொண்டே, மாமனாரை நினைத்துக்கொண்டே, நீலத்தில் போலியை ஊற்றியிருந்தான்.

ஒருவர் மட்டும் அசையவில்லை. இஷென் நீலக் கிண்ணத்தை நிமிர்ந்த முகத்தோடு உறிஞ்சிக்கொண்டிருந்தார். தாடை மட்டும் லேசாக நடுங்கியது.

“எப்படி இருக்கு இஷென்?” என்று கேட்டார் ராக்கியா.

“நல்ல குமிஸ்.”

ராக்கியா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். பிறகு தம் வெள்ளைக் கிண்ணத்தை மேசையின் குறுக்காக அவர் முன்னால் நகர்த்தினார்.

“வாய் வைங்க.”

“வேணாம் ராக்கியா, எனக்கு இதுவே போதும்.”

“உங்கள வாய் வைக்கச் சொன்னேன்.”

பேராசிரியராக இருந்தால் என்ன, துறைத் தலைவராக இருந்தால் என்ன, நீட்டிய கிண்ணத்தை மறுக்க எங்கள் ஊரில் யாருக்கும் உரிமை இல்லை. இஷென் அதை இரண்டு கையாலும் எடுத்தார். ஒரு மடக்குக் குடித்தார். நிறுத்தினார். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்து மொத்தத்தையும் குடித்துவிட்டு, மீசையில் நுரையோடு நாற்காலியில் சாய்ந்தார்.

“அட” என்றார் மெதுவாக. “முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிருக்கோம்.”

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் குபாத் எழுந்து நின்றான்.

“போன கோடையில நடந்ததும் இதேதான். எல்லாருக்கும் எது குமிஸ்னு தெரிஞ்சுது. போலி வாங்கினவங்களும் குமிஸ்தான் குடிச்சாங்க. கட்டுரையில நான் வேற மாதிரி எழுதியிருந்தேன். அது தப்பு.”

“அப்ப ரெண்டு கூட்டமும் தேறினது குமிஸாலதான்னு சொல்றியா?” ராக்கியா கேட்டார்.

இது பழுத்த பழம். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஆய்வுக்கு உயிர் வந்துவிடும். கூடத்தில் பாதிப் பேர் அந்தப் பதிலுக்காகவே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கிர்கிஸ்காரருக்குக் குமிஸை விட்டுக்கொடுக்க மனம் வரும்?

“தெரியல” என்றான் குபாத். “மலைக் காத்தா இருக்கலாம். ஓய்வா இருக்கலாம். தெனமும் ஆட்டுக்கறி போட்டாங்க, அதா இருக்கலாம். ஒப்பிட்டுப் பாக்க எனக்கு இன்னொரு கூட்டமே இல்ல. இந்த ஆய்வ வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.”

அந்தக் கூடத்தில் நான் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். படம் காட்டுகிற இடத்தில் நின்று ஒருவர் ‘தெரியல’ என்று சொல்லிக் கேட்டதில்லை.

சபை திருப்பி அனுப்பிவிட்டது. வேறு வழியில்லை. ‘நடந்ததை எழுதி, புதிதாகக் கொண்டு வருக’ என்று எழுதிக் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் ஒப்பந்தமும் முடிந்தது. குபாத் மாமனாரின் வளாகத்துக்குப் போனான். ஒரு வாரம் கழித்து அங்கே அவனைப் பார்க்கப் போனேன். ஒரு பழைய ஜப்பான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“எப்படிப்பா இருக்கு வேலை?”

“மாமாவோட சண்டை அக்கா. வண்டி ஓடின கிலோமீட்டரக் கொறச்சு வைக்கறாரு. ‘புதுப்பிச்ச வண்டி’ன்னு எழுதி ஒட்டறாரு. முடியாதுன்னுட்டேன்.” துணியைப் பிழிந்தான். “முன்னாடியும் இதுக்காக அவரத் திட்டுவேன். கேன் ரெண்டையும் தூக்கிட்டுப் போன அன்னிக்கி ராத்திரி அதுதான் ஞாபகம் வந்துச்சு. அவரு ஒட்டற சீட்டும் நான் ஒட்டற சீட்டும் ஒண்ணுதானேன்னு.”

“மாமா என்ன சொல்றாரு?”

“‘எனக்குப் பொருத்தமில்லாத மருமகன்’னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கறாரு.”

இலையுதிர் காலத்தில் இஷென் அவனுக்கு நிலையத்தில் கால்பங்கு வேலை ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். கால்பங்குச் சம்பளம், முழுப்பங்கு உழைப்பு, எங்கள் ஊர் வழக்கம். அந்த மனிதர் இப்போதெல்லாம் தம் அறைக்கு வருகிறவர்களிடம் நீலக் கிண்ணக் கதையைத்தான் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் அவர் குடித்த போலியின் அளவு கூடிக்கொண்டே போகிறது.

நவம்பரில் குபாத் புதிய கட்டுரையைக் கொண்டுவந்தான். தலைப்பில் ‘மறைப்பு’ என்ற சொல்லே இல்லை. ஒரே விரிப்பில் சாப்பிடுகிற மக்களிடையே உணவு ஆய்வு செய்யப்போகிறவர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பதுதான் பொருள். நான் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“குமிஸ் எது என்று எல்லோருக்கும் தெரிந்தது. போலி அளிக்கப்பட்டவர்களும் முதல் நாளிலிருந்தே குமிஸ் குடித்தார்கள். ஆய்வாளர் அதைத் தடுக்கவில்லை. போலி அளிக்கப்பட்ட ஒரு பெண்மணிக்கு அவர் ஒவ்வொரு காலையும் தம் சொந்தக் கிண்ணத்தைக் கொடுத்தார்.”

கடைசி வாக்கியத்தில் பேனா நின்றுவிட்டது.

“இத நீ எங்கிட்டயே சொல்லலையே. தடுத்தேன்னுதான சொன்ன?”

“முதல் நாள் தடுத்தேன். அந்த ஊல்கான் டீச்சர் மட்டும் யார்கிட்டயும் போகல அக்கா. புருசன் செத்து ஒரு வருஷம்கூட ஆகல. நீலக் கிண்ணத்த ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு, குடிச்சும் முடிக்காம, கீழ வைக்கவும் செய்யாம உக்காந்திருந்தாங்க. எங்கிட்டக் கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன்.”

“கேக்கலையா?”

“கேக்கல.”

பேனாவை மூடினேன். முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். எழுதியவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள்தான் இருந்தன.

“என் பேரு எங்க?”

“நீங்கதான எடுக்கச் சொன்னீங்க.”

“இப்ப போடச் சொல்றேன்.”

“எங்க அக்கா போடறது?”

“எப்பவும்போல கடைசில” என்றேன்.

என் விசைப்பலகையில் வேலை செய்யாத அந்த இரண்டு எழுத்துகளில் ஒன்று என் பெயரில் வருகிறது. குபாத் அதை மூன்று தடவை ஓங்கி அழுத்தினான். மற்றபடி அந்தக் கட்டுரையில் நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.